இருபத்தெட்டாம் முடிச்சு

பட்டாசுக் குழாய் உருட்டுவதற்குப் பழைய தாள் மூட்டை மூட்டையாக வரும். பரீட்சைத் தாள், வீட்டுப்பாட நோட்டு, பாடப்புத்தகம், எந்த ஊரிலோ தோற்றுப்போனவரின் தேர்தல் நோட்டீஸ், எல்லாம் கலந்து கிடக்கும். நான் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் பள்ளியை விட்டவள். ஆனால் எழுத்து எங்கே கிடந்தாலும் வாசிக்காமல் விட்டதில்லை. சாத்தூரில் குழாய் உருட்டிக்கொண்டிருந்த நாட்களில் அப்படித்தான் ஒரு கணக்குப் புத்தகத்தின் ஒற்றைத் தாள் கைக்கு வந்தது. மேல் பாதி கிழிந்திருந்தது. கீழ்ப் பாதியில் இருந்தது இது: ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற எண்களை எல்லாம், அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு, கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டினால் அதே எண் திரும்ப வந்தால் அது நிறைவெண். முதலாவது ஆறு. ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்தது இருபத்தெட்டு. ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினான்கு.

அந்தத் தாளை உருட்டாமல் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு முப்பது வயது நடந்துகொண்டிருந்தது. புதிய நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். மல்லாங்கிணறு பக்கம் மழை இல்லாத ஒரு வருடத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியவள் ஓர் இடத்தில் இரண்டு வருடம் முழுதாக இருந்ததில்லை. விருதுநகரில் மிளகாய் வத்தல் சேமிக்கிற கிட்டங்கியில் காம்பு கிள்ளினேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். கொல்லத்துப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்தேன். கட்டிக்கொடுத்த இடத்தில் எட்டு மாதம் இருந்தேன். அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இடத்திலும் காலையில் எழுந்து ‘இன்னும் எத்தனை நாள்’ என்று தோன்றிவிட்டால் பையை எடுத்துவிடுவேன். இதைச் சாமர்த்தியம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

குழாய் உருட்டுவதில் இருந்து, சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னும் வேலைக்குப் போனேன். பின்னியது பெரும்பாலும் இருபத்தெட்டுச் சரம். சின்ன வெடிகள் இருபத்தெட்டின் திரிகளை நூலோடு சேர்த்துப் பின்னினால் ஒரு சரம். எந்தப் பெண்ணும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பின்ன மாட்டாள். ஒரு பிடிக்கு நாலு வெடி. ஏழு பிடி போட்டால் சரம் முடிந்தது. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கை ஏழாவது பிடியில் தானாக நின்று முடிச்சுப் போடும். இருபத்துநாலுச் சரமும் உண்டு, ஐம்பத்தாறும் உண்டு. நான் அவற்றையும் வகுத்துக் கூட்டிப் பார்த்தேன். இருபத்துநாலு முப்பத்தாறாக வீங்குகிறது. ஐம்பத்தாறு அறுபத்துநாலு ஆகிறது. இருபத்தேழு பதின்மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. நான் என்னை இருபத்தேழு என்று வைத்துக்கொண்டேன். ஆள் பார்க்க இருபத்தேழு, உள்ளே கூட்டினால் பதின்மூன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, தாளில் போட்டிருந்த அடுத்த நிறைவெண்ணான நானூற்றுத் தொண்ணூற்றாறையும் சரிபார்த்தேன். சரியாக வந்தது. வாத்தியார் நாலு பேர் முன்னால் தலையில் குட்டிய அதே கணக்கு, இப்போது யாரும் கேட்காமலே எனக்கு வந்தது. அந்தத் திமிர்தான் பின்னால் நடந்ததற்கெல்லாம் ஆரம்பம்.

ஷெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியவள் என்னைவிட ஆறு வயது இளையவள். அவளுக்கும் மல்லாங்கிணறுதான். அதனால் என்னை அக்கா என்று ஆரம்பித்து, மரியாதையாகவே பேசுவாள். சாத்தூரில் கட்டிக்கொடுத்து ஆறு வருடம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. புருஷன் தீப்பெட்டி லோடு ஏற்றுகிறவர். வீட்டில் வாய் மாமியாருக்கு மட்டும்தான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வெடிகளை வைத்து அவளுக்குக் கணக்குக் காட்டினேன். கீழே ஏழு, அதன்மேல் ஆறு, அதன்மேல் ஐந்து என்று தரையில் படுக்கவைத்து அடுக்கிக்கொண்டே போனால், மேலே ஒன்றில் முடியும். மொத்தம் இருபத்தெட்டு.

"நல்லாத்தான் இருக்கு, கோபுரம் கெணக்கா. இதை வச்சு என்ன செய்யணும்?" என்றாள்.

"செய்ய ஒண்ணும் இல்ல புள்ள. அது அப்பிடி இருக்குங்கிறதுதான்."

"அப்பிடியே இருந்துட்டுப் போகட்டுமே. அதை ஏன் நீங்க போயி எளுப்புறீக?"

போர்மேன் வாசலில் வந்து நின்றார். "வெடியில வீடு கட்டிப் பால் காச்சப் போறீகளா ரெண்டு பேரும்? அடுக்குனதைக் கலைங்க. ஆர்டர் நிக்குது." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அறைக்கு எத்தனை பேர் இருக்கலாம் என்று சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும். நாங்கள் அதைவிட எப்போதும் நாலு பேர் கூடுதலாக இருப்போம். அந்த எண்ணை யாரும் வாசிப்பதில்லை, நானும்கூட.

இருபத்தெட்டைப் பற்றி எங்கே எது காதில் விழுந்தாலும் சேர்க்க ஆரம்பித்தேன். சாத்தூரில் நான் குடியிருந்தது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்கட்டு அறையில். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிறவர்கள். வீட்டுக்காரம்மாவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவரிடம் சொன்னபோது, "எங்க அரபி எளுத்தும் இருபத்தெட்டுதான்" என்றார். சிவன் கோயில் ஆகமங்கள் இருபத்தெட்டு என்று கோயில் சுவரில் வாசித்தேன். ஜோசியக்காரர்கள் நட்சத்திரம் இருபத்தேழு என்பார்கள். இருபத்தெட்டாவதாக அபிஜித் என்று ஒன்று உண்டு, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒரு பழைய பஞ்சாங்கத்தில் இருந்தது. கொல்லத்தில் பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள் அதன் இடுப்பில் கயிறு கட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்து வர வர, இந்த எண் எனக்கென்று எங்கிருந்தோ அனுப்பப்பட்டது போல இருந்தது.

பெண்களுக்கு மாதவிலக்கும் இருபத்தெட்டு நாள்தான் கணக்கு என்று ஷெட்டில் சொன்னதும் நான்தான். அதற்கு அவள் சொன்னாள், "எனக்கும் இருபத்தெட்டுதான்க்கா. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது."

"எப்பிடித் தெரியும்?"

சாப்பாட்டுக் கூடையில் இருந்து ஒரு நூலை எடுத்துக் காட்டினாள். சரம் பின்னுகிற நூல். ஒவ்வொரு நாளும் ஒரு முடிச்சு. தூரமான நாளில் புது நூல் எடுத்துக்கொள்வாள். முதல் நாளில் இருந்து இருபத்தெட்டாவது முடிச்சுப் போட்டால், மறுநாள் வந்துவிடும் என்றாள். நான் அசந்துபோனேன். புத்தகத்தில் இருந்த நிறைவெண் ஓர் உடம்பிலும் பிசகாமல் ஓடுகிறது. அவள் அந்த முடிச்சை எப்போது போடுவாள் என்பதையும் பார்த்திருக்கிறேன். காலையில் கம்பெனி வேன் வந்து ஏறி உட்கார்ந்ததும் கூடையைத் திறந்து போடுவாள். நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

அந்த வருடம் அவள் மாமியார் இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்தார். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தூரத்துச் சொந்தத்தில் பெண் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பேசி முடித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. புருஷன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் அதை என்னிடம் சொன்னது அதற்கு முந்திய நாள், வியாழக்கிழமை மத்தியானம். கை பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் போறாகக்கா. பேசி முடிச்சுட்டா, நான் மல்லாங்கிணத்துக்குப் போகணும்னு இல்லையாம். இருந்துக்கிறலாமாம். அவ வந்து பெத்துக் குடுப்பாளாம், நான் வளக்கலாமாம்."

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்றால், என் கையில் இருந்தது கணக்கு ஒன்றுதான். அவள் கடைசியாகத் தூரமான நாள் எனக்குத் தெரியும். அன்றைக்குப் புது ஷெட்டுக்குக் கம்பெனியில் பூசை போட்டார்கள். அவள் உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். அது ஒரு திங்கட்கிழமை. தேதி சந்தேகமில்லாமல் தெரியும். விரல் வைத்து எண்ணினேன். அன்றைக்கு முப்பத்திரண்டாவது நாள்.

இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்திரண்டுதான்.

"ஏ புள்ள, உனக்கு நாலு நாள் தள்ளிப் போயிருக்கு."

அவள் கை நின்றது. கூடையைத் திறந்து நூலை எடுத்தாள். விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். "இல்லக்கா. இன்னைக்குத்தான் இருபத்தெட்டு. நாளைக்கு வரணும்."

"காலண்டர்ல முப்பத்தி ரெண்டு ஆச்சு."

"நூல்ல இருபத்தெட்டுதான் இருக்கு."

"நாலு நாள் முடிச்சுப் போட மறந்திருப்ப."

"மறக்க மாட்டேனே" என்றாள். சத்தமில்லாமல், சந்தேகத்தோடு. சந்தேகம் என் மேல் இல்லை, தன் மேல்.

"நூலு பெருசா, காலண்டர் பெருசா? உனக்கு எப்பவும் இருபத்தெட்டுன்னு நீதான சொன்ன? ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாதுன்னு சொன்னவளுக்கு நாலு நாளு தள்ளுதுன்னா என்ன அர்த்தம்?"

அவள் முகம் மெல்ல மாறியது. அதை இப்போது எழுதுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. நம்பலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் நம்பச் சொல்கிற முகத்தை வைத்துக்கொண்டேன். "உன் பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாளு நான் கொல்லத்துக்காரி மாதிரி கயிறு கட்டுறேன், பாரு" என்றும் சொன்னேன்.

நடந்த தவறை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேனில் ஏறியதும் முடிச்சுப் போடுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முடிச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேன் வராது. அவள் சொன்ன இருபத்தெட்டு, வேலை நாள் இருபத்தெட்டு. நடுவில் நாலு ஞாயிறு. காலண்டரில் அது முப்பத்திரண்டு நாள். அவள் உடம்பு எப்போதும் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று நாள் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதை இருபத்தெட்டு என்று தன் வழியில் சரியாகவே எண்ணிக்கொண்டிருந்தாள். எங்கள் ஷெட்டில் நாள் என்றாலே வேலை நாள்தான். ‘பத்து நாள் வந்தேன்’ என்றால் ஞாயிறு நீங்கலாகத்தான். நானும் அப்படித்தான் பேசுவேன். ஆனால் நான் எண்ணிக்கையை அவள் நூலில் இருந்து எடுத்தேன், நாளைக் காலண்டரில் இருந்து எடுத்தேன். இரண்டையும் கழித்து, வந்த நாலைப் பிள்ளை என்றேன். இதை நான் கண்டுபிடித்தது பல நாள் கழித்து. ஆனால் கண்டுபிடிக்க எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. ‘ஏ புள்ள, ஞாயித்துக்கெளம முடிச்சுப் போடுவியா?’ என்று ஒரு கேள்வி போதும். கேட்கவில்லை. படிக்காதவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சாயங்காலம் வேனில் இருந்து இறங்கியதும், அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் என் அறைக்கு வந்தாள். வீட்டுக்காரம்மா முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் அவரிடமும் சொன்னேன், கணக்கோடு சேர்த்துச் சொன்னேன். அவர் உடனே சந்தோஷப்படவில்லை.

"ஆஸ்பத்திரியில காமிச்சுட்டுச் சொல்லுங்களேன். ரெண்டு நாளு பொறுத்தா என்ன?" என்றார். "எங்களுக்கு மாசம் இருபத்தொன்பதா முப்பதான்னு பெறையைப் பாத்தாத்தான் தெரியும். எம்புட்டுப் படிச்சவுகளும் பாத்துட்டுத்தான் சொல்லுவாக. முந்தியே எண்ணிச் சொல்லுறது இல்ல."

"ரெண்டு நாளு பொறுக்க முடியாது. இவ மாமியாரு நாளைக்குப் போறாக" என்றேன்.

"அதுக்காகச் சொல்லுறதா இருந்தா, அது கணக்கு இல்லையே" என்றார் அவர்.

நான் அவரை விவரம் தெரியாதவர் என்று நினைத்தேன்.

அவள் மாமியாரிடம் போய்ச் சொன்னது அவள் இல்லை, நான். அவள் பின்னால் நின்றாள். "உங்க மருமக முளுகாம இருக்கா. நாலு நாளு தள்ளிப் போச்சு. இவளுக்கு ஒருநாளும் தள்ளுனது இல்ல. நான் எண்ணிப் பாத்தேன்" என்றேன். முழுகாமல் இருக்கிறாள் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மாள் கையில் இருந்த சுளகை அப்படியே கீழே வைத்தார். மருமகள் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "நெசமாத்தா?" என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

மகனை அனுப்பிச் சீரணி மிட்டாய் வாங்கிவரச் சொன்னார். தெருவில் ஏழெட்டு வீட்டுக்குப் போனது. எனக்கு ஒரு பொட்டலம் தனியாகக் கொடுத்தார். "எம்புட்டோ பேரு வந்து போறாக இந்த ஊருக்கு, நீ ஒருத்தி வந்தது நல்லதுக்குத்தான் தாயி" என்றார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அவர் சொன்னபடியே அருப்புக்கோட்டைப் பக்கம் கிளம்பினார். பேசி முடிக்க இல்லை, மருமகள் உண்டாகியிருக்கிறாள், இனிப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர. நாங்கள் வேன் ஏறினோம். அவள் அன்றைக்கு நூலை எடுக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவள் எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்து உட்காரவில்லை. வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சேலையை முன்னால் கொசுவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வரும்னு நேத்தே சொன்னேன்ல" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. தகவல் போலச் சொன்னாள்.

சில நேரம் கலைந்தும் போகும் என்று ஏதோ முணுமுணுத்தேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"அத்தை இந்நேரம் அங்கன போயிச் சொல்லியிருப்பாக. பொண்ணு வேணாம்னு. சாயங்காலம் வந்து இதைக் கேட்டா, நான் அவுக போகக் கூடாதுன்னு வேணும்னே பொய் சொன்னேன்னுதான் நெனைப்பாக. வேற என்ன நெனைப்பாக? நானா இருந்தாலும் அப்பிடித்தான் நெனைப்பேன்." ஷெட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "நீங்க எங்கூட வீட்டுக்கு வாங்க. நீங்கதான் எண்ணினீகன்னு சொல்லுங்க. நான் நூலைக் காமிச்சு இல்லன்னு சொன்னேன்னும் சொல்லுங்க. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் வேணாம்."

"வாரேன்" என்றேன்.

சாயங்காலம் வேனில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். நான் பக்கத்தில். சாத்தூருக்குள் நுழைகிற இடத்தில் மூன்று பெண்கள் இறங்குவார்கள். அவர்கள் இறங்க வழி விடுவது போல எழுந்தேன். அவர்களோடு சேர்ந்து நானும் இறங்கிவிட்டேன். யோசித்து இறங்கினேனா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்துத்தான். முந்தின நாள் மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்த கையை நினைத்தேன், அந்தத் தெருவில் மிட்டாய் போன வீடுகளையெல்லாம் தாண்டி நடக்க வேண்டும் என்று நினைத்தேன், கால் கீழே வைத்துவிட்டேன். வேன் நகரும்போது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நான் கடைக்குப் போய்விட்டு வருவது போலக் கையைக் காட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை போயிருப்பேன் என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சுலபம். முதல் பஸ்ஸில் விருதுநகர் போய் பழைய வத்தல் கிட்டங்கியில் உட்கார்ந்தேன்.

அங்கேதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிட்டங்கி மூடியிருந்தபோது, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் படுத்திருக்கையில், இன்றைக்கு அவள் வேன் ஏறமாட்டாள் என்று தோன்றியது. அதோடு எல்லாம் விளங்கிவிட்டது. வத்தல் நெடி கண்ணில் ஏறிக்கொண்டே இருக்கும் இடம் அது. அழுதாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நான் அழவில்லை. எழுந்து அந்தக் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இருபத்தெட்டின் காரணிகளைக் கூட்டினால் இருபத்தெட்டுதான். அந்தத் தாள் நாளைப் பற்றியோ பெண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நான்.

கார்த்திகை மாதத்தில், அதாவது எட்டு மாதம் கழித்து, சாத்தூர் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். அவள் சரியாக எண்ணினாள், நான்தான் அவள் பேச்சைத் தள்ளிவிட்டுச் சொன்னேன். இரண்டே வாக்கியம்.

மாமியார் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்ட பிறகும் கையை நிறுத்தவில்லை.

"வா. எங்க போயிருந்த?"

"விருதுநகர்ல இருக்கேம்மா. அவ இல்லையா?"

"அவ அவுக அம்மா வீட்டுல இருக்கா. ஆவணியில இருந்து அங்கனதான்." சுளகை ஒரு தட்டுத் தட்டினார். "அந்த வீட்டுல போயி, எம்மருமக உண்டாயிருக்கா, உங்க பொண்ணு வேணாம்னு சொல்லிட்டு வந்தேன். மறு வாரம் அதே வாசல்ல போயி நின்னேன். எப்பிடி நின்னுருப்பேன்னு நீ நெனைச்சுப் பாரு. சிரிச்சாக. தையில வச்சுக்கிருவோம்னு இப்பத்தான் எறங்கி வந்திருக்காக."

நான் சொன்னேன். "அன்னைக்கு நான்தாம்மா எண்ணினேன். கணக்குப் பிசகிப் போச்சு."

அப்போதுதான் அவர் கையை நிறுத்தினார். "இதைத்தான் அவளும் சொன்னா. அக்காதான் எண்ணுனாக, நான் இல்லன்னு சொன்னேன்னு. நூலை வேற காமிச்சா. நான் நம்பல. நெசத்தைச் சொல்லு. பிசகுனது அவ கணக்கா, உன் கணக்கா?"

அடுக்கி வைத்திருந்த இரண்டு வாக்கியமும் வாயில் இருந்தன. எதிர் வீட்டில் ஒரு பெண் வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் சேந்துதாம்மா எண்ணினோம்" என்றேன்.

"சேந்துன்னா, அவளுக்கும் தெரிஞ்சுதான் நடந்துருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி புடைக்க ஆரம்பித்தார். நான் ‘அப்படி இல்லை’ என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.

மல்லாங்கிணற்றுக்கு அதற்கு மறு வாரம் போனேன். என் ஊருக்கே நான் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, பாயை விரித்தாள்.

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன்."

"பொய் சொல்றீக. பஸ்ஸுல வந்த மூஞ்சியா இருக்கு" என்று சிரித்தாள். திட்டுவாள் என்று நினைத்து வந்திருந்தேன். கிட்டங்கி வேலை எப்படி இருக்கிறது, இருமல் வருகிறதா, எங்கே தங்கியிருக்கிறேன் என்றெல்லாம் கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை அவளிடம் சொன்னேன். முடிச்சை எப்போது போட்டாய், எப்போது போடவில்லை என்று நான் கேட்காததைச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப நான் எண்ணுனது சரிதான்" என்றாள்.

"சரிதான்."

"நானே எங்கியோ விட்டுட்டேன் போலன்னு இம்புட்டு நாளும் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்." உருட்டிய குழாய்களை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள், "போன வாரம் சாத்தூருல அத்தையைப் பாத்தீகளாமே. வேன்ல வார பிள்ள ஒருத்தி சொல்லிவிட்டா. என்ன சொன்னீக?"

"நான்தான் எண்ணினேன்னு சொன்னேன்."

"நான் சரியாத்தான் எண்ணுனேன், உங்ககிட்ட இல்லன்னு சொன்னேன். அதைச் சொன்னீகளா?"

தையில் அந்தக் கல்யாணம் நடந்தது. இதை எழுதுகிற எனக்கு அது தெரியும். அன்றைக்கு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால், அங்கிருந்து எழுந்து சாத்தூருக்குத் திரும்பப் போய் அந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்ல நேரம் இருந்தது.

"சொன்னேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை. பிறகு உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "எம்மா, அக்கா சாத்தூருக்குப் போயி அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துருக்காக."

அவள் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அப்ப மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு பேச்சுப் பேசிப் பாத்துருவோமா?" என்று மகளிடம் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். "பேசிப் பாருங்க" என்றேன்.

வீட்டில் சீனி இல்லை போலிருக்கிறது. அந்த அம்மாள் பக்கத்து வீட்டில் போய் ஒரு தம்ளரில் வாங்கி வந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.